250 வெள்ளியில் உடுப்பு: பண்டலா, தையலா, அம்மாவின் சேலையா?

வேலைக்கு எடுத்துவிட்டார்கள், திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். அலமாரியைத் திறந்தால் பள்ளிச் சீருடையும் நாலைந்து டீ-சட்டையும்தான் கிடக்கின்றன. ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். பரீட்சை முடித்த கையோடு ஊர்க் கிளினிக் கவுண்டரிலோ பாலர் பள்ளியிலோ சேரும் பெண்பிள்ளைகள் பலருக்கு இதுதான் நிலைமை. முதல் சம்பளம் வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. கையில் 250 வெள்ளி (ரிங்கிட்) இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாரம் முழுக்க மாற்றி மாற்றிப் போட வேண்டும், கல்யாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ ஒன்று நல்லதாக வேண்டும், பார்க்கிறவர்களுக்கு மலிவு என்றும் தெரியக்கூடாது.

மலேசியாவின் பேராக்கில் இருக்கிற சுங்கை சிப்புட் மாதிரி, சுற்றிலும் செம்பனையும் பால்மரமும் நிற்கிற பட்டணத்தில் இதற்கு நாலைந்து வழிகள் உண்டு. பழைய உடுப்பு விற்கிற பண்டல் கடை, பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை, கைப்பேசியில் ஆர்டர், துணி எடுத்துத் தைப்பது, வீட்டில் மடித்து வைத்திருக்கிற சேலையில் கை வைப்பது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணிக்குக் குறைவாகச் செலவழியுங்கள், அதை உடம்பளவுக்குப் பொருத்துவதற்கு அதிகமாகச் செலவழியுங்கள். ஒரு சட்டை தோளில் சரியாக உட்கார்ந்து, கை நீளமும் இடுப்பும் பொருந்திவிட்டால் அது 8 வெள்ளிச் சட்டை என்று யாருக்கும் தோன்றாது. 120 வெள்ளி கொடுத்து வாங்கியது தோளில் வழிந்து நின்றால் அது இரவல் சட்டைதான்.

பசார் மாலாமையும் கைப்பேசியையும் சீக்கிரம் முடித்துவிடலாம். பசார் மாலாமில் 15, 20 வெள்ளிக்குத் தொங்குகிற குர்த்தியும் பலாஸோவும் பெரும்பாலும் பாலியெஸ்டர். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். மத்தியான வெயிலில் மோட்டாரில் போய் இறங்கும்போது முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வியர்வை வாடையும் பருத்தியைவிடப் பாலியெஸ்டரில்தான் அதிகமாகத் தங்கும். ஷாப்பி செயலியில் படத்தைப் பார்த்து வாங்குவதிலும் இதே சிக்கல், கூடவே அளவுச் சிக்கலும் சேர்ந்துகொள்ளும். வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரியும் உண்டு. உள்ளாடை, காலுறை, துப்பட்டா போன்ற அளவுத் தொல்லை இல்லாதவற்றை அங்கே வாங்கலாம். மற்றதற்கு நான் அந்தப் பக்கம் போகச் சொல்ல மாட்டேன்.

பண்டல் விஷயம் வேறு. ஜப்பானிலும் கொரியாவிலும் கழித்த உடுப்புகள் பொதி பொதியாக வந்து இங்கே பிரிகின்றன. பழைய துணி என்று மூக்கைப் பிடித்த காலமெல்லாம் போய்விட்டது. ஜப்பானின் புக்காஃப் நிறுவனம் 2016இல் 'ஜாலான் ஜாலான் ஜப்பான்' என்ற பெயரில் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் பெரிய கடையாகவே திறந்தது. சின்னப் பட்டணங்களில் அந்த அலங்காரமெல்லாம் கிடையாது. ஒரு கடைவீடு, நாலு வரிசை ரேக், ஓரத்தில் குவியல். குவியலில் 3, 5 வெள்ளி, ரேக்கில் 10 முதல் 20 வரை. புதுப் பொதி பிரிக்கிற நாள் எது என்று கடைக்காரரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பையன்கள் அதைத் தெரிந்துகொண்டு காலையிலேயே வந்து நிற்பார்கள். லீவைஸ் சிலுவாரின் (கால்சட்டையின்) சிவப்புப் பட்டியில் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தால் அது பெரும்பாலும் 1971க்கு முந்தியது, மறுவிற்பனையில் நல்ல காசு. அது அவர்கள் வேட்டை. நமக்கு வேண்டியது திங்கட்கிழமைக்குப் போட ஒரு சட்டை.

பண்டலில் எதை எடுப்பது என்பதற்கு நான் வைத்திருக்கிற கணக்கு ஒன்றுதான்: வீட்டில் தைக்கக் கஷ்டமானதை அங்கே வாங்குங்கள். காலர் வைத்த சட்டை, முன்னால் ஜிப் வைத்த சிலுவார், ஜீன்ஸ், மடிப்பு வைத்த பாவாடை, பிளேசர். ஒரு காலரை ஒழுங்காகத் திருப்பி முனை கூராக வரத் தைப்பதற்குப் பழகிய கை வேண்டும். தையல்காரரிடம் கொடுத்தாலும் கூலி ஏறும். பண்டலில் அதே வேலைப்பாடு 10 வெள்ளிக்குத் தொங்குகிறது. நேர்கோட்டில் வெட்டித் தைத்துவிடக்கூடிய குர்த்தி, இலாஸ்டிக் பாவாடை, பலாஸோ இவற்றைப் பண்டலில் தேடுவது வீண். நம் உடம்புக்கும் நம் ருசிக்கும் அங்கே அவை கிடைப்பது அபூர்வம்.

பெண்கள் பகுதியோடு நிறுத்தாமல் ஆண்கள் ரேக்கையும் பாருங்கள். ஜப்பான் பெண்கள் உடுப்பில் 9 என்று போட்டிருந்தால் ஏறக்குறைய எம், 11 என்றால் எல். ஆனால் அவர்கள் எல் நம்மில் பலருக்குக் கையில்கூட ஏறாது. ஆண்கள் சட்டை அகலமாக இருக்கும், பருத்தியும் லினனும் அங்கேதான் அதிகம். சைடைக் கொஞ்சம் பிடித்துவிட்டால் நீளமான அலுவலகச் சட்டை தயார்.

எண்ணை நம்பாமல் பையில் ஓர் அளவு நாடா வைத்துக்கொள்ளுங்கள். சட்டையைத் தட்டையாக விரித்து ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரட்டியுங்கள். உங்கள் மார்பளவைவிட 3, 4 இஞ்ச் கூடுதலாக வந்தால் சரி. அதைவிட முக்கியம் தோள். தையல் தோள் எலும்பின் முனையிலேயே நிற்க வேண்டும். சைடு பெரிதாக இருந்தால் பிடிக்கலாம், கை நீளமாக இருந்தால் மடிக்கலாம். தோள் பெரிதாக இருந்தால் கையையே கழற்றி மறுபடி வைக்க வேண்டும், அந்தக் கூலியில் இன்னும் இரண்டு சட்டை வாங்கிவிடலாம். சிலுவாரில் இடுப்பைப் பின்பக்கம் 2 இஞ்ச் வரை பிடிக்கலாம். அதற்கு மேல் பிடித்தால் பின் பைகள் இரண்டும் நெருங்கி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும்.

பிறகு சட்டையை எடுத்துக்கொண்டு அஞ்சடிக்கு, அதாவது கடை முன்னால் இருக்கிற நடைபாதைக்கு, வாருங்கள். கடைக்குள் இருக்கும் டியூப் லைட்டில் கறை தெரியாது. உள்பக்கம் திருப்பி அக்குளைப் பாருங்கள். மஞ்சள் ஏறியிருந்தால் வைத்துவிடுங்கள், ஊறிப்போன அந்த மஞ்சள் லேசில் போகாது. காலர் மடிப்பை நிமிர்த்திப் பாருங்கள். துணியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் பூச்சி தின்ற ஓட்டை தெரியும். ஜிப்பை மூன்று தடவை ஏற்றி இறக்குங்கள். ஜீன்ஸில் உள்தொடைப் பக்கம் விரலை வைத்துத் தேய்த்தால் துணி இளைத்திருப்பது கையில் தெரிந்துவிடும். இலாஸ்டிக்கை இழுக்கும்போது முறுமுறுவென்று சத்தம் கேட்டால் அது செத்துவிட்டது. உள் தையலோரம் உபரிப் பொத்தான் ஒன்று தைத்திருந்தால் அது நல்ல அறிகுறி, பார்த்துச் செய்த உடுப்பு.

ஒன்றை மட்டும் தொடவே வேண்டாம் என்பேன்: தோல் மாதிரி இருக்கும் பியூ ஜாக்கெட்டும் கைப்பையும். பாலியூரிதேன் பூச்சு ஈரக் காற்றில் தானாகவே சிதையும். ஏற்கெனவே பல வருடம் பழகியது நம் ஊர்ப் புழுக்கத்தில் சில மாதத்தில் செதில் செதிலாக உரிந்து கழுத்தெல்லாம் ஒட்டும்.

வீட்டுக்கு வந்ததும் மற்றத் துணியோடு கலக்காமல் தனியாகத் துவையுங்கள். பருத்தி என்றால் 60 பாகைச் சூட்டில் துவைத்தால் மூட்டைப்பூச்சி, உண்ணி பற்றிய கவலை இருக்காது. சாயம் போகுமா என்று ஓர் ஓரத்தை நனைத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பொதி வாடைக்குக் கடைசி அலசலில் அரைக் கப் வெள்ளைக் காடியை ஊற்றி, மழை வருவதற்குள் வெயிலில் போடுங்கள். என்ன துணி என்று சந்தேகமாக இருந்தால், வீட்டில், உள் தையலிலிருந்து இரண்டு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகச் சுருளும்.

அடுத்தது தையல். பணத்தை மிச்சம் பிடிக்கத் தைக்கிறோம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளிக்கு மேல். புதிதாகப் பழகுகிற கைக்கு ஒரு குர்த்தி வெட்டித் தைக்க ஆறு மணி நேரம் போகும் என்று வைத்தால் அது 50 வெள்ளிப் பக்கம். எங்கள் பக்கம் தையல் அக்காக்கள் லைனிங் இல்லாத குர்த்திக்கு 40, 50 வெள்ளிதான் கேட்கிறார்கள். அவர்கள் தைப்பது உங்களுடையதைவிட நன்றாகவும் இருக்கும். இதில் 500 வெள்ளிப் பக்கம் விலை சொல்லும் மெஷினையும் சேர்த்தால், முதல் சம்பளம் வராத பிள்ளைக்கு அது கட்டுப்படியாகாத வழி.

ஆனால் மாலை ஏழு மணிக்கு மேல் பட்டணத்தில் அந்த நேரத்தை விலைக்கு வாங்க யாரும் இல்லை என்பதும் உண்மைதான். பழகப் பழக ஆறு மணி நேரம் மூன்றாகும். பாட்டி வீட்டில் கறுப்புக் கால் மெஷின் ஒன்று தூசி படிந்து நிற்கிறதென்றால் என் பதிலே மாறிவிடும். அதற்கு மோட்டார் கெட்டுப்போகும் என்ற பயம் இல்லை. புதுத் தோல் பெல்ட், எண்ணெய், பழைய நூல் சிக்கை எடுத்துவிடுதல், பெரும்பாலும் இவ்வளவுதான். இன்றைய வீட்டு மெஷினுக்கு விற்கிற ஊசியே அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். சாதாரணப் பருத்திக்கு 14ஆம் நம்பர், மெல்லிய வாயில் (voile) துணிக்கு 11, ஜீன்ஸ் மடிக்க 16. டீ-சட்டைத் துணிக்கு முனை உருண்ட ஊசி தனியாக வேண்டும், இல்லாவிட்டால் தையல் விட்டு விட்டு விழும்.

துணி எடுக்கும்போது மீட்டர் விலையை மட்டும் பார்க்கிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அகலத்தைக் கேளுங்கள். 45 இஞ்ச் பிடாங் (அகலம்) துணியில் கை வைத்த குர்த்திக்கு இரண்டரை மீட்டர் வேண்டும். மீட்டர் 9 வெள்ளி என்றால் 22 வெள்ளி 50 காசு. 60 இஞ்ச் பிடாங்கில் முன்பாகமும் பின்பாகமும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்துவிடும், நடுத்தர உடம்புக்கு 1.6 மீட்டர் போதும். மீட்டர் 13 என்றாலும் 20 வெள்ளி 80 காசுதான். விலை கூடுதலான துணி மலிவாக முடிகிறது. ஈப்போ லிட்டல் இந்தியாவில், ஜாலான் லாஹாட் பக்கம், துண்டுத் துணி மிஞ்சியிருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். இங்கிருந்து மோட்டாரில் போய்வர இரண்டு லிட்டர் பெட்ரோலுக்கு மேல் ஆகாது. எடுத்த பருத்தியை வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள். மீட்டருக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் வரை சுருங்கக்கூடிய துணி அது. தைத்த பிறகு சுருங்கினால் முழங்கால் வரை வந்த குர்த்தி தொடையில் நிற்கும்.

துணிக்கடைக்கே போகாமல் துணி கிடைக்கிற இடமும் உண்டு. பண்டல் குவியலில் பருத்திப் படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் கிடக்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு விரிப்பில் குர்த்தியும் பாவாடையும் வரும். இன்னொன்று பாத்தேக் சாரோங், அதாவது பத்திக் கைலி. ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், 1 மீட்டருக்குச் சற்று மேல் அகலம், அச்சடித்தது என்றால் 15, 20 வெள்ளிக்குள் கிடைக்கும். நடுவில் கெப்பாலா என்று வேறு டிசைனில் ஒரு பட்டை வரும். அதைக் குர்த்தியின் முன்பக்கத்துக்கு நேராக வைத்து வெட்டினால் எம்பிராய்டரியே வேண்டாம். அரசு அலுவலகங்களில் வியாழக்கிழமை பாத்தேக் அணிகிற வழக்கம் இருக்கிறது. அந்த மாதிரி இடத்தில் வேலை என்றால் இது முதல் வாரமே உதவும்.

இப்போது சேலை. நல்ல உடுப்பு ஒன்று வேண்டும் என்றோமே, அதற்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. லெஹங்கா வாடகைக்கு எடுப்பதும் உண்டு, ஒரு நாள் படத்துக்கு ஆகும், அவ்வளவுதான். சேலை என்பது ஐந்தரை மீட்டர் துணி, 45 இஞ்ச் அகலம், கரையும் முந்தானையும் தயாராக நெய்து வந்தது. அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்காமல் வெட்டினால் வரும் பிரச்சினைக்கு இந்தக் கட்டுரையில் வழி இல்லை.

பட்டு என்றால் முதலில் விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பல வருடம் ஒரே மடிப்பில் இருந்த சேலை மடிப்புக் கோட்டில்தான் முதலில் விடும். இரண்டு கையாலும் லேசாக இழுத்தால் சரசரவென்று பிரிகிறதா? அப்படியென்றால் உடம்புத் துணியாக அது ஆகாது. கரையை மட்டும் வெட்டி எடுத்து, வெற்றுப் பருத்திக் குர்த்தியின் அடியிலும் கை நுனியிலும் வைத்துத் தையுங்கள். துணி உறுதியாக இருந்தால் முழுக் குர்த்தியே போடலாம், ஆனால் லைனிங் இல்லாமல் வேண்டாம். தையலின் இழுப்பை லைனிங்தான் தாங்க வேண்டும்.

வெட்டுவது இப்படி. உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற குர்த்தி ஒன்றை நேர்பாதியாக மடித்து நாளிதழ் மேல் வைத்துச் சுற்றிக் கோடு போடுங்கள். சைடில் ஒரு இஞ்ச், தோளிலும் கழுத்திலும் அரை இஞ்ச் கூட்டி வெட்டினால் அச்சு தயார். கரை குர்த்தியின் அடியில் வர வேண்டும் என்றால் சேலையின் அகலமே குர்த்தியின் நீளம். 45 இஞ்ச் அகலத்தில் தோளில் தையலுக்குப் போக 44.5 இஞ்ச் நிற்கும், அடியை மடிக்கவே வேண்டாம், கரையே முடிப்பு. அப்படிக் குறுக்காக வெட்டும்போது முன், பின், கை எல்லாம் சேர்த்து இரண்டு மீட்டர்தான் போகும். மிச்ச மூன்றரை மீட்டரில் தங்கச்சிக்குப் பாவாடையும் தலையணை உறையும் வரும். முந்தானையை அவசரப்பட்டு முன்பாகத்துக்கு வெட்டாதீர்கள், சரிகை நெஞ்சில் முரமுரவென்று நிற்கும். அது துப்பட்டாவுக்குப் பொருத்தம். நைலக்ஸ், ஜார்ஜெட் சேலை என்றால் மேசையில் வழுக்கிக்கொண்டே போகும். அடியில் நாளிதழை விரித்து, துணியையும் தாளையும் சேர்த்துக் குண்டூசி குத்தி இரண்டையும் ஒன்றாக வெட்டுங்கள். முன் கழுத்தை நினைத்ததைவிட அரை இஞ்ச் மேலேயே வெட்டிப் போட்டுப் பாருங்கள். இறக்குவது சுலபம், ஏற்ற முடியாது.

இதைக் கையால் செய்யத் தைரியம் வரவில்லையென்றால் தையல் அக்காவிடம் கொடுங்கள். சொல்லப்போனால் அக்காவிடம் காசு போக வேண்டிய இடமே இதுதான், சேலை ரவிக்கையும் கூடத்தான். ரவிக்கையை மட்டும் வீட்டில் பழகுகிற கையால் முயல வேண்டாம். டார்ட் (மார்புக்குப் பிடிக்கிற மடிப்புத் தையல்) அரை இஞ்ச் தள்ளினாலும் முழு ரவிக்கையும் போச்சு.

அந்த 250ஐ நான் பிரிப்பதென்றால் இப்படித்தான் வரும். பண்டலில் மூன்று சட்டை, இரண்டு சிலுவார் சேர்த்து 70. அவற்றைச் சைடு பிடிக்க, மடிக்க 35. அந்த 35தான் மொத்தச் செலவிலும் அதிகம் வேலை செய்கிற காசு, அதில் கை வைக்காதீர்கள். 60 இஞ்ச் பிடாங் துணியில் ஒரு குர்த்திக்குத் துணி 21, கூலி 45. சேலைக் குர்த்திக்கு லைனிங் 15, கூலி 50. ஆக 236. மிச்சம் 14 வெள்ளியில் நூல், கொக்கி, காடி. மூன்று சட்டை, இரண்டு சிலுவார், இரண்டு குர்த்தி. கலந்து போட்டால் இரண்டு வாரம் ஓடும். கால் மெஷின் இருக்கிற வீடு என்றால் வேலைக்குப் போடும் குர்த்தியைச் சொந்தமாகத் தைத்துவிட்டு, அந்த 45ஐ இன்னொரு நல்ல துணிக்கும் செருப்புக்கும் திருப்பலாம்.

அளவில் பெரியவர்களுக்கு இந்தப் பிரிப்பு ஒத்துவராது. பண்டலில் ஆண்கள் சட்டையைத் தவிர அவர்களுக்கு ஒன்றும் தேறாது, சிலுவார் அறவே கிடைக்காது. அவர்கள் பண்டலுக்கு 30க்கு மேல் ஒதுக்காமல் மிச்சத்தைத் துணிக்கும் கூலிக்கும் வைத்துக்கொள்வதே நல்லது. துணியும் அரை மீட்டர் கூடுதலாக எடுக்க வேண்டியிருக்கும்.

எதைக் கொடுப்பதானாலும் நாள் பார்த்துக் கொடுங்கள். சம்பள வாரத்தில் அக்கா வீட்டில் துணிமூட்டை வாசல் வரை இருக்கும். தீபாவளிக்கு என்றால் ஒன்றரை மாதம் முன்னாலேயே துணி அவர் கையில் இருக்க வேண்டும். கடைசி இரண்டு வாரத்தில் போனால் சிலுவார் மடிக்கக்கூட வாங்கி வைக்க மாட்டார்.